வீட்டிலிருந்தே லத்தீன்: பாடப்புத்தகத்துக்குப் பக்கத்தில் எதையெல்லாம் வைத்துக்கொள்வது

லத்தீன் சொல்லிக்கொடுக்க ஆள் கிடைக்காத ஊரில் இருந்துகொண்டும் இன்று லத்தீன் படிக்கலாம். பாடப்புத்தகம், அகராதி, இலக்கணம், ஒலிப்பதிவு, மூல நூல்கள் என்று எல்லாம் இணையத்தில் கொட்டிக் கிடக்கின்றன, அதில் நிறைய இலவசம். புதிதாகத் தொடங்குகிறவர்கள் திணறுவதும் இந்தக் குவியலில்தான். இரண்டு பாடப்புத்தகம், மூன்று செயலி, ஒரு யூடியூப் வரிசை என்று எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் திறந்துவைப்பார்கள், ஒன்று பழைய ரோமானிய உச்சரிப்பில் போகும், இன்னொன்று தேவாலய உச்சரிப்பில் போகும், ஒன்றில் இரண்டாம் பாடத்தில் வருவது இன்னொன்றில் இருபதாம் பாடத்தில்தான் வரும், மாதம் முடிவதற்குள் எதுவும் மனதில் ஒட்டாமல் போய்விடும்.

அதனால் யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இதுதான்: முதன்மைப் புத்தகம் ஒன்றே ஒன்று, அதைக் கடைசிவரை விடாதீர்கள். துணைக்கு எதை எடுத்தாலும், முதன்மைப் புத்தகம் தராத எதை இது தருகிறது என்று கேட்டுவிட்டு எடுங்கள். இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். லத்தீன் கற்பிக்கும் நூல்கள் அநேகமாக எல்லாமே ஆங்கிலம் போன்ற ஐரோப்பிய மொழி பேசுகிறவர்களை மனதில் வைத்து எழுதப்பட்டவை. அவர்கள் பக்கம் பக்கமாக விளக்குகிற சில விஷயங்கள் தமிழ் தெரிந்தவருக்குச் சொல்லாமலே புரியும். அவர்கள் ஒரு வரியில் கடந்துபோகிற சில இடங்களில் நாம் நின்று உழைக்க வேண்டியிருக்கும். துணை நூல்களைத் தேர்ந்தெடுக்கும்போது இந்த வித்தியாசத்தைக் கணக்கில் எடுத்தால் நேரம் நிறைய மிச்சமாகும்.

எந்தப் புத்தகமோ அதற்கேற்ற துணை

தனியாகப் படிப்பவர்களுக்கு நான் சிபாரிசு செய்வது, டென்மார்க்கைச் சேர்ந்த ஹான்ஸ் ஓர்பெர்க் எழுதிய 'லிங்குவா லத்தீனா பெர் சே இல்லுஸ்த்ராத்தா' வரிசையின் முதல் பாகமான 'ஃபமிலியா ரோமானா'. 35 அத்தியாயங்கள், முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் லத்தீன் மட்டும்தான். ரோம் இத்தாலியில் இருக்கிறது, இத்தாலி ஐரோப்பாவில் இருக்கிறது என்று வரைபடத்தோடு தொடங்கும். ஓரத்தில் படங்களும் லத்தீனிலேயே சின்னச் சின்ன விளக்கங்களும் இருக்கும். நடுவில் ஆங்கிலம் குறுக்கே வராததால் தமிழில் யோசிக்கிறவர் நேராக லத்தீனுக்குள் போய்விடலாம். எனக்கு இதில் மிகவும் பிடித்த அம்சமே இதுதான்.

இதற்கும் குறை உண்டு. இலக்கணத்தைப் பெயர் சொல்லி விளக்காது, அத்தியாயத்தின் கடைசியில் லத்தீனிலேயே ஒரு சுருக்கம் கொடுப்பதோடு சரி. பாதியைத் தாண்டியதும் பாரம் சட்டென்று ஏறும். இந்த இரண்டு குறைக்கும் தனித்தனியாக மருந்து இருக்கிறது. விளக்கம் வேண்டுமென்றால் ஜீன் நியூமன் ஆங்கிலத்தில் எழுதிய துணைநூல், ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் என்ன புதிது என்று சொல்லிக்கொண்டே வரும். பாரம் ஏறும்போது வேண்டியது விளக்கமல்ல, அதே அளவிலான இன்னும் கொஞ்சம் வாசிப்பு. அதற்கு ஓர்பெர்க்கே எழுதிய 'கொல்லோக்குவியா பெர்சோனாரும்' இருக்கிறது, முதல் 24 அத்தியாயங்களுக்கு ஒன்றுக்கு ஒன்றாக, அதே கதாபாத்திரங்கள் பேசிக்கொள்ளும் உரையாடல்கள். 26-ஆம் அத்தியாயத்திலிருந்து லூயிஜி மிராலியா எழுதிய 'ஃபாபுலே சீரே' கைகொடுக்கும், அது கிரேக்க, ரோமானியப் புராணக் கதைகள். வினைச்சொல்லின் கடினமான வடிவங்கள் 27-இலிருந்துதான் குவிகின்றன என்பதால் அந்த இடத்தில் இந்தக் கதைகள் உண்மையிலேயே தேவைப்படும். அத்தியாயம் படித்தேன், புரிந்தது, அடுத்ததற்குப் போகிறேன் என்று ஓடாமல், துணைக் கதையையும் முடித்துவிட்டு அடுத்ததைத் திறங்கள்.

'வீலாக்ஸ் லத்தீன்' வைத்துப் படிக்கிறீர்கள் என்றால் கணக்கே வேறு. 1956-இல் வந்த புத்தகம், 40 அத்தியாயங்கள், இலக்கணத்தைத் தெளிவாக அடுக்கிச் சொல்லும், ஆனால் தொடர்ந்து வாசிக்கக் கதை குறைவு. அதற்கென்றே '38 லத்தீன் ஸ்டோரீஸ்' என்று ஒரு சிறு நூல் இருக்கிறது, வீலாக்கின் வரிசையைப் பின்பற்றியே போகும். 'கேம்பிரிட்ஜ் லத்தீன் கோர்ஸ்' எதிர்த்திசை. பொம்பேயி நகரத்து வங்கிக்காரர் கைக்கிலியுஸின் வீட்டைச் சுற்றிக் கதைகள் ஏராளம், இலக்கணம் மெதுவாகவே வரும், அதனால் பக்கத்தில் ஒரு இலக்கண நூல் வேண்டும். (கைக்கிலியுஸ் உண்மையில் வாழ்ந்தவர். அவருடைய கணக்குவழக்கு எழுதிய மெழுகுப் பலகைகள் 1875-இல் பொம்பேயியில் தோண்டியெடுக்கப்பட்டன.) காசு போட்டுப் புத்தகம் வாங்க முடியாதவர்களுக்கு, பெஞ்சமின் டூக் நூறு வருஷத்துக்கு முன் எழுதிய 'லத்தீன் ஃபார் பிகினர்ஸ்' குட்டன்பெர்க் தளத்தில் முழுசாக இலவசம். நடை பழசு, போர்க் கதைகள் அதிகம், ஆனால் பாடம் உறுதியானது.

காதுக்கு

லத்தீனைக் கண்ணால் மட்டும் படிக்கிறவர்கள் சீக்கிரம் சலித்துப்போகிறார்கள். குரல் இல்லாத மொழி மனதில் தங்காது. நமக்கு இதில் பெரிய வசதி, குறிலும் நெடிலும் பிறந்ததிலிருந்து காதில் இருப்பவை. லத்தீனில் 'வெனித்' என்றால் வருகிறான், 'வேனித்' என்றால் வந்தான். ஒரே எழுத்துக் கூட்டல், உயிரின் அளவில் மட்டும் காலம் மாறிவிடுகிறது. ஓர்பெர்க்கின் முதல் பாடத்திலேயே 'இத்தலிய' என்று குறிலில் முடிந்தால் எழுவாய், 'இன் இத்தலியா' என்று நெடிலில் முடிந்தால் இத்தாலியில். ஆங்கிலம் பேசும் மாணவர்கள் இதைக் கேட்டுப் பிடிக்கவே பெரும்பாடு படுவார்கள், நமக்கு ஒரு முறை கேட்டால் போதும். இரட்டித்த மெய்யும் அப்படியே, லத்தீனில் அதை நிஜமாகவே இரட்டித்துச் சொல்ல வேண்டும், தமிழ் வாய்க்கு அது இயல்பு.

இந்த வசதியைப் பயன்படுத்த வேண்டுமென்றால், நெடிலுக்கு எழுத்தின் தலையில் கோடு போட்டு அச்சடித்த உரையைத் தேர்ந்தெடுங்கள். ஓர்பெர்க்கில் கோடு உண்டு. 'தி லத்தீன் லைப்ரரி' போன்ற தளங்களில் மூல நூல்கள் குவிந்து கிடந்தாலும் அங்கே கோடு கிடையாது, ஆரம்பத்தில் அவற்றை விட்டுவிடுங்கள். சந்தேகம் வந்தால் ஆங்கில விக்சனரியில் அந்தச் சொல்லைத் தேடினால் கோடு போட்ட முழு அட்டவணையும் வரும்.

ஒரு எச்சரிக்கை. லத்தீனைத் தமிழ் எழுத்தில் எழுதி மனப்பாடம் செய்யாதீர்கள். இந்தக் கட்டுரையில் வேறு வழியில்லாமல் எழுதுகிறேன், உங்கள் நோட்டில் ரோமன் எழுத்திலேயே எழுதுங்கள். 'துரத்துகிறேன்' என்ற சொல்லும் 'போரால்' என்ற சொல்லும் தமிழில் எழுதினால் இரண்டுமே 'பெல்லோ'தான், லத்தீனில் ஒன்று வல்லோசை, இன்னொன்று மெல்லிய ஒலி. க, த, ப மூன்றிலும் இதே சிக்கல். ஒலிப்பதிவைக் கேட்டு உடனே திருப்பிச் சொல்லும் பழக்கம் நமக்கு அவசியப்படுவது இதற்காகத்தான்.

ஒலிப்பதிவுக்கு எங்கே போவது? ஓர்பெர்க் தன் புத்தகத்தைத் தானே வாசித்துப் பதிவு செய்திருக்கிறார். யூடியூபில் லூக் ரானியேரி நடத்தும் 'ஸ்கார்பியோமார்த்தியானுஸ்' சேனலில் 'ஃபமிலியா ரோமானா' வாசிப்பு இருக்கிறது, குறில் நெடிலை அவ்வளவு சுத்தமாக உச்சரிப்பார். 'சத்துரா லான்ஸ்' என்ற ஒலிபரப்பில் இரேனே ரெஜினி எளிய லத்தீனிலேயே பேசுவார், ஐந்தாறு மாதம் படித்தவர்களுக்கு அது நன்றாகப் பிடிபடும். வத்திக்கான் வானொலி 2019 ஜூனிலிருந்து 'ஹெப்தோமாதா பாப்பே' என்று வாரத்துக்கொரு முறை ஐந்து நிமிடம்போல லத்தீனில் செய்தி வாசிக்கிறது. பின்லாந்து வானொலியின் லத்தீன் செய்தி 1989-இல் தொடங்கி முப்பது வருஷம் ஓடி 2019-இல் நின்றுபோனது எனக்கு இன்னமும் வருத்தம்தான்.

வத்திக்கான் செய்தி தேவாலய உச்சரிப்பில் வரும், அதாவது இத்தாலியன் சாயலில். சீசரின் பெயரைப் பழைய உச்சரிப்பில் 'கைசர்' என்பார்கள், தேவாலய உச்சரிப்பில் 'சேசர்' என்பார்கள். இரண்டுமே சரி, இரண்டையும் கலக்காமல் இருந்தால் போதும். பாடல், ஜெபம், திருப்பலி இவற்றுக்காகப் படிக்கிறவர்கள் தேவாலய உச்சரிப்பை எடுக்கலாம். சிசரோ, வெர்ஜில் என்று பழைய ரோமானிய எழுத்தாளர்களிடம் போக நினைப்பவர்கள் பழையதை எடுங்கள், ஏனென்றால் லத்தீன் கவிதையின் சந்தம் முழுக்கக் குறில் நெடிலின் மேல் கட்டப்பட்டது.

இலக்கணம்: தமிழில் ஒரு அட்டவணை போட்டுக்கொள்ளுங்கள்

எந்தக் கடையிலும் கிடைக்காத துணை இது, நீங்களே செய்துகொள்ள வேண்டும். பள்ளியில் படித்த எட்டு வேற்றுமைகளை ஒரு தாளில் வரிசையாக எழுதி, எதிரே லத்தீனின் ஆறு வேற்றுமைகளை எழுதுங்கள். எழுவாய்க்கு எழுவாய், 'ஐ'க்கு இரண்டாம் வேற்றுமை, 'கு'வுக்கு ஒன்று, 'உடைய'வுக்கு ஒன்று, விளிக்கு ஒன்று என்று ஐந்து நேராகப் பொருந்திவிடும். மீதி நிற்கும் ஆறாவதான 'அப்லாத்தீவுஸ்' மட்டும் தமிழின் மூன்று, ஐந்து, ஏழு ஆகிய மூன்றின் வேலையையும் தானே செய்கிறது. 'கிளாதியோ' என்றால் வாளால், 'கும் அமீக்கோ' என்றால் நண்பனோடு, 'அப் ஒப்பிதோ' என்றால் ஊரிலிருந்து, 'இன் ஹொர்த்தோ' என்றால் தோட்டத்தில். எல்லாவற்றுக்கும் முடிவு ஒரே 'ஓ'. ஆங்கிலப் புத்தகங்கள் இந்த ஒரு வேற்றுமைக்கு அத்தனை பெயர் வைத்து அத்தனை பக்கம் எழுதுகின்றன. தமிழில் 'ஆல், ஓடு, இருந்து, இல்' என்று நான்கு உருபை எழுதிக்கொண்டால் பெரும்பகுதி முடிந்தது.

சொல்லோடு ஒட்டிக்கொண்டு வரும் 'குவெ' நம் 'உம்', வினாவுக்கு ஒட்டும் 'நெ' நம் 'ஆ'. 'புவெர் புவெல்லம் விதெத்' என்பது பையன் பெண்ணைப் பார்க்கிறான், வரிசைகூட மாறவில்லை. 'உர்பெ கப்தா' என்பதை ஆங்கிலத்தில் சொல்ல நாலைந்து சொல் தேவைப்படும், தமிழில் 'நகரம் பிடிபட்டதும்' என்று போய்விடலாம். ஆகவே ஆங்கில வழிகாட்டிகளில் 'முதலில் வினைச்சொல்லைத் தேடு, பிறகு எழுவாயைத் தேடு' என்று சொல்லிக்கொடுக்கும் முறையை நீங்கள் பின்பற்ற வேண்டாம். வினை கடைசியில் வரும்வரை காத்திருப்பது நமக்குப் பழக்கம்தானே. இடமிருந்து வலமாக, எழுதியிருக்கிற வரிசையிலேயே படியுங்கள்.

தமிழ் உதவாத இடங்களும் இருக்கின்றன, பயிற்சித் தாள்களைச் செலவழிக்க வேண்டியது அங்கேதான். முதலாவது பால். தோட்டம் ஆண்பால், மேசை பெண்பால், போர் அஃறிணை போன்ற மூன்றாம் பால். பொருளை வைத்து ஊகிக்க முடியாது, பெயரடையும் அதற்கேற்ப முடிவை மாற்றும். இரண்டாவது, 'ஓடுகிற பையன்' என்று நாம் பெயரெச்சத்தில் சொல்வதை லத்தீன் 'பையன், எவன் ஓடுகிறானோ அவன்' என்று பிரித்து, அந்த 'எவன்' என்ற சொல்லையும் பால், எண், வேற்றுமை பார்த்து மாற்றும். ஓர்பெர்க் இதை மூன்றாம் அத்தியாயத்திலேயே கொண்டுவந்துவிடுகிறார், அங்கே அவசரப்படாதீர்கள். ஒவ்வொரு அத்தியாயத்தின் கடைசியிலும் மூன்று 'பென்சும்' இருக்கும், முதலாவதில் சொல்லின் முடிவை நிரப்ப வேண்டும், இரண்டாவதில் சொல்லையே நிரப்ப வேண்டும், மூன்றாவதில் கேள்விக்குப் பதில் எழுத வேண்டும். முதலாவதை எழுதியும் மூன்றாவதை வாய்விட்டுச் சொல்லியும் பழகினால் இந்த இரண்டும் படிந்துவிடும்.

ஆழமாகப் பார்க்க வேண்டியபோது 1903-இல் வந்த ஆலன், கிரீனோ இருவரின் லத்தீன் இலக்கணம். டிக்கின்சன் கல்லூரி அதை முழுக்க இணையத்தில் வைத்திருக்கிறது. பத்தி எண் போட்ட நூல், பிற உரைகளில் '419-ஐப் பார்' என்று மட்டும் எழுதியிருப்பார்கள், அந்த எண்ணைத் திறந்தால் மேலே சொன்ன 'உர்பெ கப்தா' வகை வாக்கியங்கள் வரும். இதை முதல் பக்கத்திலிருந்து படிக்க முயலாதீர்கள். தேடிப் பார்ப்பதற்கான நூல் அது.

அகராதி

லத்தீன் அகராதியில் ஆரம்பத்தில் எல்லோரும் முட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. கதையில் 'துலித்' என்று ஒரு சொல், 'கொண்டுவந்தான்' என்று பொருள். அகராதியில் அந்த எழுத்தில் எத்தனை தேடினாலும் கிடைக்காது, ஏனென்றால் அது 'ஃபெரோ' என்ற தலைச்சொல்லின் கீழ் இருக்கிறது. ஃபெரோ, ஃபெர்ரெ, துலீ, லாத்தும் என்று ஒரே வினையின் நான்கு வடிவங்கள். வடிவத்தைக் கொடுத்தால் தலைச்சொல்லைச் சொல்லும் கருவி வேண்டும். அமெரிக்க விமானப்படையில் கர்னலாக இருந்து ஓய்வுபெற்ற வில்லியம் விட்டேக்கர் எழுதிய 'வேர்ட்ஸ்' என்ற நிரல் இந்த வேலையை அருமையாகச் செய்யும். அவர் 2010-இல் காலமான பிறகும் மற்றவர்கள் அதைக் காப்பாற்றி இணையத்தில் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். சொல்லை அடித்தால் எந்த வினை, எந்தக் காலம், எந்த இடம் என்று எல்லாச் சாத்தியங்களையும் காட்டும். டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தின் 'பெர்சியஸ்' தளத்தில் மூல நூலின் எந்தச் சொல்லைத் தொட்டாலும் இதே விவரம் வரும்.

பொருளை விரிவாகப் பார்க்க 1879-இன் லூயிஸ், ஷார்ட் அகராதி இன்றும் நம்பகமானது. சிகாகோ பல்கலைக்கழகத்தின் 'லோகெயான்' அதையும் வேறு பல அகராதிகளையும் ஒரே பக்கத்தில் காட்டுகிறது, செயலியாகவும் உண்டு.

ஆனால் கருவி கையில் இருக்கிறதென்று ஒவ்வொரு சொல்லையும் தொட்டுக்கொண்டிருக்காதீர்கள். பத்தியை முழுசாக ஒரு முறை படித்து, ஊகித்து, மறுபடி படித்து, அப்போதும் பிடிபடாத சொல்லை மட்டும் தேடுங்கள். கூகுள் மொழிபெயர்ப்பை லத்தீனுக்கு நான் சிபாரிசு செய்யவே மாட்டேன். வேற்றுமை முடிவுகளைத் தப்பாகப் போட்டுவிட்டு நம்பிக்கையோடு நிற்கும், புதிதாகப் படிப்பவருக்கு அந்தத் தப்பைக் கண்டுபிடிக்கத் தெரியாது. செயற்கை நுண்ணறிவு உரையாடல் செயலிகளிடம் கேட்கும் விளக்கத்தையும் இலக்கண நூலில் ஒரு முறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

சொற்களை மனதில் இருத்த 'அன்கி' என்ற அட்டைச் செயலி போதும், கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம். யாரோ செய்துவைத்த அட்டைகளை இறக்கிக்கொள்வதைவிட நீங்களே செய்யுங்கள், பின்பக்கத்தில் தமிழ்ப் பொருளை எழுதுங்கள். பெயர்ச்சொல் என்றால் 'உடைய' வடிவத்தையும் பாலையும் சேர்த்து, வினை என்றால் நான்கு வடிவங்களையும் சேர்த்து எழுத வேண்டும், இல்லையென்றால் பின்னால் மறுபடி உட்கார வேண்டிவரும். எந்தச் சொற்கள் என்று தெரியாவிட்டால் டிக்கின்சன் கல்லூரியே அதிகம் வரும் ஆயிரம் சொற்களைப் பட்டியல் போட்டு வைத்திருக்கிறது. டுவோலிங்கோவின் லத்தீன் 2019-இல் வந்தது, மிகச் சின்னது. வண்டியில் போகும்போது விளையாடலாம், பாடமென்று எண்ண வேண்டாம்.

கதைகளும் வேதாகமமும்

ஒரு வருஷம்போல ஆனதும் பாடப்புத்தகத்துக்கு வெளியே வாசிக்கத் தோன்றும். உடனே சீசரையோ வெர்ஜிலையோ எடுக்காதீர்கள். ரிச்சியின் 'ஃபாபுலே ஃபாக்கிலேஸ்' என்ற பழைய வாசிப்பு நூல் குட்டன்பெர்க்கில் இருக்கிறது. பெர்சியுஸ், ஹெர்குலஸ், பொன்னாட்டுத் தோலைத் தேடிப் போனவர்கள், யுலிசிஸ் என்று நான்கு கதைகள், நூறு சின்னப் பத்திகள், எளிதிலிருந்து கடினத்துக்கு ஏறும். அதை முடித்தவர்களுக்கு நான்காம் நூற்றாண்டில் யூட்ரோப்பியுஸ் எழுதிய ரோம வரலாற்றுச் சுருக்கம் தெம்பாகப் போகும். பிறகு சீசர். ஜெஃப்ரி ஸ்டெட்மன் என்ற ஆசிரியர், மூலம் மேலே, அந்தப் பக்கத்துச் சொற்களும் இலக்கணக் குறிப்பும் கீழே என்று பல நூல்களைத் தொகுத்து இலவசமாகவே கொடுத்திருக்கிறார், அகராதியைத் திறக்காமலே வாசிக்கலாம்.

தமிழ் வாசகருக்கு வேறொரு வழியும் இருக்கிறது, இதைத்தான் நான் அதிகம் வற்புறுத்துவேன். லத்தீன் மூலத்துக்கு எதிரே தமிழை வைத்துப் படிக்க எளிதில் கிடைப்பது வேதாகமம். ஜெரோம் நான்காம் நூற்றாண்டின் கடைசியில் தொடங்கிச் செய்த 'வுல்காத்தா' என்ற லத்தீன் மொழிபெயர்ப்பு இணையத்தில் முழுசாக இருக்கிறது, மொழி எளிமை. நீங்கள் எந்த மதமானாலும் மொழி படிக்க இது உதவும். ஆதியாகமம் முதல் அதிகாரம், மூன்றாம் வசனத்தைப் பாருங்கள்: 'தீக்ஸித்குவெ தெயுஸ்: ஃபீயத் லூக்ஸ். எத் ஃபக்த எஸ்த் லூக்ஸ்.' பழைய தமிழ் மொழிபெயர்ப்பில்: 'தேவன் வெளிச்சம் உண்டாகக்கடவது என்றார், வெளிச்சம் உண்டாயிற்று.' முதல் சொல்லின் வாலில் ஒட்டியிருக்கும் 'குவெ'யைக் கவனியுங்கள். ஆங்கில மாணவர்கள் மாதக்கணக்கில் பயப்படும் வினை வடிவம் 'ஃபீயத்', அது நம் 'கடவது'தான், வேறொன்றுமில்லை. அடுத்த வாக்கியத்தில் 'ஃபக்த' என்று வந்ததற்குக் காரணம் வெளிச்சம் லத்தீனில் பெண்பால், அஃறிணையாக இருந்திருந்தால் 'ஃபக்தும்' என்று வந்திருக்கும். ஒரு வரியில் இத்தனை இருக்கிறது, ஆங்கிலம் எங்கேயும் தேவைப்படவில்லை.

தமிழ் வேதாகமம் லத்தீனிலிருந்து வந்ததல்ல என்பதால் சொல்லுக்குச் சொல் எப்போதும் ஒத்துப்போகாது, அது பரவாயில்லை. சங்கீதங்களில் மட்டும் எண் மாறும்: 'கர்த்தர் என் மேய்ப்பர்' தமிழில் 23, வுல்காத்தாவில் 22.

இன்னும் கொஞ்சம் முன்னேறியவர்களுக்கு, திருக்குறளே லத்தீனில் இருக்கிறது. வீரமாமுனிவர் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் லத்தீனில் பெயர்த்தார், ஜி. யு. போப் 1886-இல் வெளியிட்ட தன் குறள் பதிப்பில் அந்த மொழிபெயர்ப்பை மறுபடி அச்சிட்டார். கார்ல் கிரவுலின் 1865 பதிப்பில் தமிழ் மூலமும் லத்தீனும் சேர்ந்தே இருக்கின்றன. சீகன்பால்கு 1716-இல் ஹாலேயில் அச்சிட்ட தமிழ் இலக்கணமும் லத்தீனில் எழுதியதுதான். நமக்கு அத்துப்படியான உயிரெழுத்தையும் வேற்றுமையையும் அவர் லத்தீனில் விளக்குவதைப் படிக்கும்போது பாதி அர்த்தம் தானாகவே வந்துவிடும், தெரியாத லத்தீன் சொற்களைச் சூழலிலிருந்தே கற்றுக்கொள்ளலாம்.

சென்னையில் இருப்பவர்கள் எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போனால், தமிழ்நாட்டு மண்ணில் கிடைத்த ரோமானிய நாணயங்களைப் பார்க்கலாம். கொங்குப் பகுதியில் அதிகம் கிடைத்தவை அகஸ்டஸ், திபேரியஸ் காலத்து வெள்ளி நாணயங்கள். கி.பி. 14 முதல் 37 வரை ஆண்ட திபேரியஸின் நாணயத்தில் தலையைச் சுற்றி எழுத்துகள் இடைவெளி இல்லாமல் ஓடும், பாதிச் சொற்கள் சுருக்கம். விரித்தால் 'திபெரியுஸ் கைசர் தீவீ அவுகுஸ்தீ ஃபீலியுஸ் அவுகுஸ்துஸ்', அதாவது தெய்வமாகிவிட்ட அகஸ்டஸின் மகன் திபேரியஸ் சீசர் அகஸ்டஸ். நடுவில் இருக்கும் இரண்டு 'ஈ'தான் 'உடைய' வேற்றுமை, மகன் என்ற சொல்லுக்கு ஒரே ஒரு எழுத்துதான் பொறித்திருப்பார்கள். பின்பக்கத்தில் 'பொந்திஃபெக்ஸ் மாக்ஸிமுஸ்', தலைமைக் குரு. 'உடைய' வேற்றுமைப் பாடம் வரைக்கும் வந்தவர் எவரும் இதைப் படித்துவிடலாம். நேரில் போக முடியாதவர்களுக்கு அமெரிக்க நாணயவியல் கழகம் ரோமப் பேரரசின் நாணயங்களைப் படத்தோடும் எழுத்துப் பொறிப்போடும் இணையத்தில் தொகுத்து வைத்திருக்கிறது.

குழந்தைகளுக்கு

வீட்டில் பிள்ளைகளோடு சேர்ந்து படிப்பதென்றால் பார்பரா பெல்லின் 'மினிமுஸ்' நல்லது. படக்கதை வடிவம், ரோமானிய பிரிட்டனின் வடக்கெல்லையில் விந்தோலாந்தா கோட்டையில் வாழ்ந்த ஒரு குடும்பமும் ஒரு எலியும். அந்தக் கோட்டையில் மரப்பலகைகளில் மையால் எழுதிய நிஜமான கடிதங்களே கிடைத்திருக்கின்றன, கி.பி. 100 வாக்கில் கிளௌதியா செவெரா தன் தோழி லெப்பிதினாவைப் பிறந்தநாளுக்கு அழைத்து எழுதியது உட்பட. பலகைகளின் படமும் வாசகமும் இணையத்தில் இருக்கின்றன, பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். அவர்களுக்கு அட்டவணை மனப்பாடம் எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

மாட்டிக்கொண்டால் யாரிடம் கேட்பது

ஆசிரியர் இல்லாமல் படிப்பதில் உள்ள உண்மையான குறை, நீங்கள் எழுதியதைத் திருத்த ஆள் இல்லாததுதான். தினமும் மூன்று வரி லத்தீனில் எழுதுங்கள், அன்றைக்குப் படித்த அத்தியாயத்தின் சொற்களை மட்டும் வைத்து. 'ஸ்டாக் எக்ஸ்சேஞ்ச்' (Stack Exchange) என்ற கேள்வி-பதில் தளத்தில் லத்தீனுக்கென்று தனிப் பகுதி இருக்கிறது, நல்ல புலமை உள்ளவர்கள் பொறுமையாகப் பதில் சொல்கிறார்கள். வாக்கியம் எந்த நூலில் எந்த இடம் என்று குறிப்பிட்டு, ஒவ்வொரு சொல்லையும் நீங்கள் என்னவென்று நினைத்தீர்கள், எங்கே முட்டுகிறது என்று எழுதிக் கேளுங்கள். 'இதை மொழிபெயர்த்துக் கொடுங்கள்' என்று மட்டும் போட்டால் பெரும்பாலும் மூடிவிடுவார்கள். கேட்பதற்கு முன்னால் விட்டேக்கரின் நிரலில் ஒரு முறை, ஆலன் கிரீனோவில் ஒரு முறை பார்த்துவிடுங்கள், நிறையக் கேள்விகளுக்கு அங்கேயே பதில் கிடைத்துவிடும்.